ஹிக்ஸுக்கு அடுத்து எந்த மோதுவி? உத்தரவாதம் இல்லாத ஒரு திட்டமிடல்

கேள்வி இது: "ஹிக்ஸ் போசானுக்குப் பிறகு எல்.எச்.சி. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியிருக்க, அதைவிட மூன்று மடங்கு பெரிய மோதுவியை எந்த நம்பிக்கையில் திட்டமிடுகிறார்கள்? உண்மையில் எதைத்தான் கட்டப்போகிறார்கள்?"

மோதுவி என்பது துகள்களை முடுக்கி மோதவிடும் எந்திரம். எல்.எச்.சி. என்பது ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் வட்டம். "எதையும்" என்பதில் மட்டும் ஒரு திருத்தம். குவார்க்குகள் (புரோட்டான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்கள்) புதுப்புது விதமாகச் சேர்ந்து உண்டாகும் எழுபதுக்கும் மேற்பட்ட துகள்களை எல்.எச்.சி. கண்டிருக்கிறது, நான்கு, ஐந்து குவார்க்குகள் சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது புதிய அடிப்படைத் துகள் என்றால் அவர் சொல்வது முழுக்கச் சரி. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவில் ஹிக்ஸ் அறிவிக்கப்பட்டது. அந்த வரிசையில் அதற்குப் பிறகு ஒன்றும் சேரவில்லை. தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடி உண்டு என்பது சூப்பர்சிமெட்ரி என்ற கோட்பாடு. பலரும் எதிர்பார்த்த அந்த ஜோடித் துகள்கள் வரவில்லை. அவற்றுள் குளுயினோ என்ற ஒன்று, வழக்கமான கணக்குகளின்படி, 2 டிஇவிக்குக் கீழே இல்லை என்று ஆகிவிட்டது. (அளவுகளைப் பற்றி ஒரு வரி: ஜிஇவி என்பது நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட், ஒரு புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 ஜிஇவி. ஆயிரம் ஜிஇவி சேர்ந்தால் ஒரு டிஇவி.)

எல்.எச்.சி.யைக் கட்டியபோது இயற்பியலாளர்களிடம் ஒரு பிடிமானம் இருந்தது, அது இப்போது இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இன்று நடக்கும் வாக்குவாதம் முழுவதும் விளங்கிவிடும்.

1977-இல் பெஞ்சமின் லீ, கிறிஸ் குவிக், ஹேரி தாக்கர் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஹிக்ஸ் என்ற துகள் இல்லையென்று வைத்துக்கொண்டு, இரண்டு டபிள்யூ போசான்கள் (வலுவற்ற அணுக்கரு விசையைக் கடத்துபவை, இசட் போசான் இவற்றின் கூட்டாளி) மோதினால் என்ன ஆகும் என்று, தெரிந்த துகள்களையும் விசைகளையும் விவரிக்கும் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலைக் கேட்டால், சுமார் 1 டிஇவி ஆற்றலை நெருங்கும்போது நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அதாவது கோட்பாடே உளற ஆரம்பிக்கிறது. ஆகவே அந்த ஆற்றலுக்கு முன்பாக ஹிக்ஸ் இருந்தாக வேண்டும், அல்லது அதன் வேலையைச் செய்யும் வேறு ஏதாவது இருந்தாக வேண்டும். எது இருந்தாலும் எல்.எச்.சி. அதைப் பார்த்தே தீரும். தோற்க வழியில்லாத பந்தயம். அரசாங்கங்களிடம் பணம் கேட்கப் போனவர்களின் பைக்குள் இந்தக் கணக்கு இருந்தது.

ஹிக்ஸ் கிடைத்தது. நிறை 125 ஜிஇவி. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் மாடல் எந்த மோதுவியாலும் எட்ட முடியாத ஆற்றல் வரை உளறாமல் ஓடுகிறது. 'இந்த ஆற்றலில் கட்டினால் புதிதாக ஒன்று கிடைத்தே ஆகும்' என்று இன்று யாராலும் எழுதித்தர முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் என்னவென்று தெரியாது, நியூட்ரினோவுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் மிஞ்சவில்லை என்றும் தெரியாது. இந்த மூன்றும் உண்மையான புதிர்கள். ஆனால் மூன்றில் எதுவும் "விடை 10 டிஇவியில் இருக்கிறது" என்று முகவரி தருவதில்லை.

அப்படியானால் எதற்குக் கட்டுவது? என் பதில்: ஹிக்ஸுக்காக. அது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்னும் சரிவரப் பார்க்கப்படவில்லை. நமக்குத் தெரிந்த அடிப்படைத் துகள்களில் தற்சுழற்சி இல்லாதது அது ஒன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் நிறை தருவதாகச் சொல்லப்படும் புலத்தின் துகள் அது. டபிள்யூ, இசட், டாப் குவார்க் போன்ற கனமானவற்றோடு அது எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதை எல்.எச்.சி. சுமார் 5 முதல் 10 சதவீதத் துல்லியத்தில் அளந்திருக்கிறது. கோட்பாட்டோடு பொருந்துகிறது. ஆனால் டிஇவி அளவில் ஒளிந்திருக்கும் புதிய இயற்பியல் இந்தப் பிணைப்புகளைச் சில சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் நகர்த்தும். 5 சதவீதப் பிழை உள்ள அளவுகோலை வைத்துக்கொண்டு 1 சதவீத விலகலைத் தேடுவது வீண் வேலை. இன்னொன்று, ஹிக்ஸ் தன்னோடு தானே எவ்வளவு பிணைகிறது என்பது. ஹிக்ஸ் புலத்தின் ஆற்றல் வளைவு எந்த வடிவம் என்பதை அதுதான் சொல்லும். பிரபஞ்சம் பிறந்து நொடியில் மிகச் சிறு பகுதி கழிந்தபோது அந்தப் புலம் படிப்படியாக மாறியதா, தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டு மாறியதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. குமிழியிட்டிருந்தால், பொருள் மட்டும் மிஞ்சியதற்கு ஒரு வழி திறக்கும். இதைப் பற்றி இன்று நமக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது.

2030 வாக்கில் தொடங்கவிருக்கும் எல்.எச்.சி.யின் மேம்பட்ட வடிவம் பத்து மடங்கு தரவு தரும். பிணைப்புகளின் பிழை 2 முதல் 4 சதவீதத்துக்கு இறங்கும், ஹிக்ஸின் தன்-பிணைப்பு சுமார் 30 சதவீதத் துல்லியத்தில் கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்குக் கீழே போக வேறு எந்திரம் வேண்டும்.

வேறு எந்திரம் என்றவுடன் இரண்டு கட்சிகள் வந்துவிடுகின்றன. ஒன்று, துல்லியக் கட்சி: ஆற்றல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமான மோதல்களைக் கோடிக்கணக்கில் உண்டாக்கி நுணுக்கமாக அளப்போம். மற்றது ஆற்றல் கட்சி: நேரே மேலே போவோம், கனமான துகள் இருந்தால் தட்டுப்படட்டும். துல்லியம் என்றால் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும். ஆற்றல் என்றால் இதுவரை புரோட்டான்.

புரோட்டான் ஒரு மூட்டை. உள்ளே குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டு கிடக்கின்றன. 13.6 டிஇவியில் இரண்டு புரோட்டான்கள் மோதினாலும் உண்மையில் முட்டிக்கொள்வது அவற்றின் உள்ளே இருக்கும் இரண்டு துணுக்குகள்தான். அவற்றுக்கு அதில் ஒரு சிறு பங்கே உண்டு, எவ்வளவு பங்கு என்பதும் ஒவ்வொரு மோதலிலும் மாறும். மீதி எல்லாம் குப்பையாகச் சிதறும். எலக்ட்ரானுக்கு உள்ளே எதுவும் இல்லை (இருப்பதாக இதுவரை தெரியவில்லை). 240 ஜிஇவி கொடுத்தால் 240 ஜிஇவியும் மோதலுக்குத்தான்.

எல்.எச்.சி.யின் இரண்டாம் ஓட்டத்தில் மட்டும் அட்லாஸ், சிஎம்எஸ் கருவிகளுக்குள் தலா சுமார் 80 லட்சம் ஹிக்ஸ்கள் பிறந்தன. எதிர்கால எலக்ட்ரான் வட்டத்தில் மொத்தமே இருபது லட்சத்துக்குச் சற்று மேல்தான் பிறக்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் எல்.எச்.சி. இப்போதே ஜெயித்துவிட்டது. ஆனால் அங்கே பிறந்தவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குள் அடையாளம் தெரியாமல் போயின. எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில் ஹிக்ஸ் ஒரு இசட் போசானோடு ஜோடியாகப் பிறக்கிறது. இசட் இரண்டு மியூவான்களாக (எலக்ட்ரானின் கனமான உறவுகள்) சிதைந்தால் அவற்றின் ஆற்றலையும் திசையையும் நன்றாக அளக்கலாம். ஆரம்ப ஆற்றல் 240 என்று தெரியும். இசட் எடுத்துக்கொண்டதைக் கழித்தால் மிச்சம் என்ன நிறையுள்ள பொருளுக்குப் போயிற்று என்று வந்துவிடும். கடைக்குக் கொண்டுபோன பணமும் திரும்பி வந்த சில்லறையும் தெரிந்தால், பையைப் பிரிக்காமலே எவ்வளவுக்கு வாங்கினான் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்கு. ஹிக்ஸ் எதுவாகச் சிதைந்தது என்று பார்க்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளாகச் சிதைந்திருந்தாலும் அது ஹிக்ஸ்தான் என்று எண்ணிவிடலாம். புரோட்டான் மோதுவியில் இது நடக்காது, ஏனென்றால் அங்கே துணுக்குகள் கொண்டுவந்த ஆரம்பத் தொகை எவ்வளவு என்றே தெரியாது.

துல்லியத்தை 'வெறும் அளவெடுக்கும் வேலை' என்று இளக்காரமாகப் பேசுபவர்களுக்கு 1990-களின் கதையைச் சொல்ல வேண்டும். எல்.எச்.சி. இருக்கும் அதே 27 கி.மீ. சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை லெப் என்ற எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவி ஓடியது. டாப் குவார்க்கை உண்டாக்கும் ஆற்றல் லெப்புக்குக் கிடையாது. ஆனால் இசட் போசானைப் போதுமான துல்லியத்தில் அளந்ததால், டாப் இருந்தால் அதன் நிறை 170 ஜிஇவி சுற்றுவட்டாரத்தில் இருக்கும் என்று லெப் முடிவுகள் காட்டின. 1995-இல் அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவி டாப்பைக் கண்டறிந்தபோது அது அங்கேதான் இருந்தது.

அந்தத் துல்லியம் சும்மா வரவில்லை. கற்றையின் ஆற்றல் காரணமே தெரியாமல் ஏறி இறங்கியது. தேடிப் பார்த்தால், நிலவு! கடலில் ஓதம் எழுப்பும் அதே இழுப்பு ஜெனீவாவின் பாறையையும் அசைத்து, 27 கி.மீ. வட்டத்தின் சுற்றளவை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் தன் பங்குக்கு அசைத்தது. பிறகு பகலெல்லாம் ஒரு விசித்திர இரைச்சல், நள்ளிரவுக்குப் பின் அடங்கி விடியலில் மறுபடி எழும். பாரிஸ் போகும் அதிவேக ரயிலின் தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்னோட்டம் மோதுவியின் குழாய் வழியாக ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இத்தனையையும் கணக்கில் கொண்டு இசட் நிறையை 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் பிழையோடு தந்தார்கள். அடுத்த எந்திரம் அந்தப் பிழையை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. திட்டமிடுபவர்கள் இப்போதே நிலவையும் ரயிலையும் பட்டியலில் எழுதிவைத்திருப்பார்கள் என்று நம்பலாம்.

லெப் பற்றி இன்னொரு வயிற்றெரிச்சலான கணக்கு உண்டு. இசட் 91 ஜிஇவி, ஹிக்ஸ் 125. இரண்டையும் ஜோடியாகப் பெற 216 ஜிஇவி வேண்டும். லெப் எட்டியது 209. ஏழு ஜிஇவி குறைவு! இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். தள்ள முடியாததற்கான காரணம்தான் எதிர்கால மோதுவிகள் எல்லாவற்றின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது.

மின்னூட்டமுள்ள துகளை வளைத்து ஓட்டினால் அது ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். இதுதான் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. இழப்பு, ஆற்றலின் நான்காம் அடுக்கில் ஏறும். நிறையின் நான்காம் அடுக்கில் இறங்கும். வட்டத்தின் ஆரம் கூடினால் குறையும். லெப்பின் கடைசி நாள்களில் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு சுற்றுக்கு 3 ஜிஇவிக்கு மேல் இழந்தது. தன் ஆற்றலில் மூன்று சதவீதம், நொடிக்குப் பதினோராயிரம் சுற்று. இழந்ததை ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப ஊட்ட வேண்டும். எலக்ட்ரானைவிடப் புரோட்டான் 1,836 மடங்கு கனம் என்பதால் இந்தத் தொல்லை அதற்கு அநேகமாக இல்லை.

ஆக எலக்ட்ரானுக்கு இரண்டே வழி: வட்டத்தை மிகப் பெரிதாக்கு, அல்லது வளைக்காதே.

பெரிதாக்கும் வழியில் முன்னால் நிற்பது செர்ன் முன்வைக்கும் எஃப்.சி.சி. என்ற வட்ட மோதுவி. சுற்றளவு 90.7 கி.மீ., சராசரி ஆழம் 200 மீட்டர் அளவில், ஜெனீவாவையும் பிரான்ஸின் ஓத்-சவோயா பகுதியையும் ஏரியின் அடியையும் தொட்டுக்கொண்டு போகும். சாத்தியப்பாட்டு அறிக்கை 2025 மார்ச் இறுதியில் வந்தது. முதலில் எலக்ட்ரான்-பாசிட்ரான்: 91 ஜிஇவியில் இசட், 160-இல் டபிள்யூ ஜோடி, 240-இல் ஹிக்ஸ், 365 வரை போய் டாப் ஜோடி. மேல்முனையில் ஒரு சுற்றுக்கு இழப்பு ஏறக்குறைய 10 ஜிஇவி. எந்த ஆற்றலில் ஓடினாலும் கதிர்வீச்சுச் செலவு கற்றைக்கு 50 மெகாவாட் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதனால் ஆற்றல் கூடக் கூட வட்டத்தில் ஓடும் துகள்களின் எண்ணிக்கை குறையும், மோதல்களும் குறையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஹிக்ஸ்கூட இல்லை, இசட். லெப்பின் நான்கு கருவிகளும் சேர்ந்து பார்த்த இசட்கள் 1.7 கோடி. எஃப்.சி.சி.யின் இலக்கு 6 லட்சம் கோடி. லெப் தன் ஆயுளில் சேர்த்ததை இது சில நிமிடங்களில் சேர்த்துவிடும். நியூட்ரினோவுக்கு நிறை கொடுக்கும் கனமான, மிகச் சோம்பேறியான ஏதோ ஒரு துகள் இசட்டின் சிதைவில் கோடியில் ஒரு முறை வந்து போகிறது என்றால், அதைப் பிடிக்க வேறு இடமே கிடையாது.

வளைக்காத வழி நேர்கோட்டு மோதுவி. ஜப்பானின் கித்தகாமி மலைப்பகுதியில் சுமார் 20 கி.மீ. நீளத்தில் ஐ.எல்.சி. என்ற திட்டம், தொழில்நுட்ப வடிவமைப்பு 2013-லேயே தயார். ஜப்பான் அரசு 'ஆகட்டும்' என்று சொல்லவும் இல்லை, 'வேண்டாம்' என்று முடிக்கவும் இல்லை. ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அந்த வாசலில் காத்திருந்தே களைத்துவிட்டார்கள். செர்னிலும் கிளிக் என்று 11 கி.மீ. நீளத்தில் தொடங்கக்கூடிய ஒரு நேர்கோட்டு வடிவமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. நேர்கோட்டின் வசதி, பின்னாளில் நீட்டி ஆற்றலைக் கூட்டலாம். குறை, ஒவ்வொரு கற்றையும் ஒரே ஒரு முறைதான் சந்திக்கும். வட்டத்தில்போல் திரும்ப வராது. எனவே அந்த ஒரு சந்திப்பில் போதுமான மோதல்கள் நடக்கக் கற்றையை நசுக்க வேண்டும். ஐ.எல்.சி.யில் மோதும் இடத்தில் கற்றையின் உயரம் சுமார் 8 நானோமீட்டர். அவ்வளவு நசுக்கினால் ஒரு கற்றையின் மின்புலமே எதிர்க்கற்றையை வளைத்து ஒளித்துகள்களை உமிழ வைக்கும். அந்த ஒளித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி, சுத்தம் என்று நாம் பெருமைப்பட்ட எலக்ட்ரான் மோதுவியிலும் ஹாட்ரான் (குவார்க்குகளால் ஆன துகள்) குப்பையை உண்டாக்கும். எவ்வளவு உண்டாக்கும் என்பது எந்திரத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது என்று 1990-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஜெர்மனியின் மானுவெல் ட்ரீஸும் இந்தியாவின் ரோஹிணி கோட்போலேயும். இதற்கு ட்ரீஸ்-கோட்போலே விளைவு என்றே பெயர். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றி 2024 அக்டோபரில் காலமான கோட்போலே, நேர்கோட்டு மோதுவியின் உலகக் கூட்டங்களில் தவறாமல் இருந்த குரல். எதிர்கால எந்திரத்தைத் திட்டமிடுவதில் காகிதமும் பேனாவும் வைத்திருக்கும் ஒருவர் எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சீனாவும் களத்தில் இருந்தது. ஹிக்ஸ் கிடைத்த 2012-லேயே ஒரு பெரிய வட்டத்தை முன்மொழிந்து, 2023 இறுதியில் 100 கி.மீ. வட்டத்துக்கு 3,640 கோடி யுவான் மதிப்பீட்டோடு தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டார்கள். எஃப்.சி.சி.யின் எலக்ட்ரான் கட்டத்துக்கு ஆகும் 1,500 கோடி சுவிஸ் பிராங்கோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழ். ஆனால் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்று 2025-இல் தெரிந்தது. சீனா முந்திவிடும் என்ற பயம் ஐரோப்பாவை உந்திக்கொண்டிருந்தது. அந்த உந்துதல் இப்போது தளர்ந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், பயத்தில் எடுக்காத முடிவு நிதானமாக இருக்கும் என்பேன்.

இனி ஆற்றல் கட்சி. அதே 91 கி.மீ. சுரங்கத்தில், 2070-களில், எலக்ட்ரான் எந்திரத்தை எடுத்துவிட்டுப் புரோட்டான் எந்திரத்தை வைப்பது எஃப்.சி.சி.யின் இரண்டாம் கட்டம். லெப்புக்குப் பிறகு எல்.எச்.சி. என்ற அதே உத்தி. புரோட்டான் வட்டத்தின் ஆற்றல் இரண்டின் பெருக்கல்: ஆரம், காந்தப்புலம். எல்.எச்.சி.யில் 1,232 வளைப்புக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 8.3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). சுற்றளவை மூன்று மடங்குக்கு மேலும், காந்தத்தை 14 டெஸ்லாவுக்கும் உயர்த்தினால் ஏறக்குறைய ஆறு மடங்கு, அதாவது 85 டிஇவி வரும். காகிதத்தில் ஒரு வரிப் பெருக்கல். ஆனால் எல்.எச்.சி.யின் நையோபியம்-டைட்டானியம் கம்பி அதன் எல்லையைத் தொட்டுவிட்டது, அடுத்தது நையோபியம்-வெள்ளீயம். இது பீங்கான்போல் நொறுங்கும். அதனால் முதலில் சுருளாகச் சுற்றிவிட்டுப் பிறகு 650 டிகிரி அளவில் சூளையில் வேகவைத்து, மின்தடையில்லாத மீக்கடத்தியாக்க வேண்டும். எல்.எச்.சி.யின் மேம்பாட்டுக்காக இப்படிச் சில டஜன் குவிப்புக் காந்தங்கள் செய்கிறார்கள், அதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. அடுத்த வட்டத்துக்கு நீளமான வளைப்புக் காந்தங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். இன்று அந்த விலையில் அந்த எண்ணிக்கையில் யாராலும் செய்ய முடியாது. புரோட்டான் கட்டத்துக்கு எழுபதுகள் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு, சுரங்கம் காத்திருப்பதில்லை, காந்தம்தான் காத்திருக்க வைக்கிறது என்பது பதில்.

அந்த ஆற்றலில் தெளிவான இலக்கு ஒன்றாவது உண்டா? ஒன்று உண்டு. கரும்பொருள், டபிள்யூ-இசட் விசைகளை மட்டும் உணரும் எளிய துகளாக இருந்தால், பிரபஞ்சத்தில் இன்று இருக்கும் அளவு வருவதற்கு அதன் நிறை, வகையைப் பொறுத்து, 1.1 டிஇவியாகவோ 3 டிஇவிக்குச் சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். எல்.எச்.சி.யால் இவற்றை எட்ட முடியாது. 85 டிஇவி புரோட்டான் எந்திரத்தால் இந்த எளிய வகைகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட முடியும். 'இல்லை' என்றால் கரும்பொருளே இல்லை என்று ஆகாது, ஆனால் மிக எளிய விடை செத்துவிடும். அதுவும் அறிவுதான்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியைச் சொல்லாமல் விட முடியாது: மியூவான். எலக்ட்ரான்போலவே உள்ளே எதுவும் இல்லாத துகள், ஆனால் 207 மடங்கு கனம். கதிர்வீச்சு இழப்பு நூற்றெண்பது கோடி மடங்கு குறைவு. 10 கி.மீ. வட்டத்திலேயே 10 டிஇவி மோதல் கிடைக்கும். அந்த ஆற்றல் முழுவதும் மோதலுக்கே என்பதால் அது மிகப் பெரிய புரோட்டான் எந்திரத்துக்குச் சமம். எங்கே இடிக்கிறது என்றால், மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோநொடி. 5 டிஇவிக்கு முடுக்கிவிட்டால் சார்பியல் புண்ணியத்தில் அந்த ஆயுள் நொடியில் பத்தில் ஒரு பங்காக நீளும். சுமார் மூவாயிரம் சுற்று. அதற்குள் மோதிக்கொள்ள வேண்டும். அதைவிடக் கடினம் ஆரம்பம்: புரோட்டானைக் கொண்டு ஒரு இலக்கை அடித்து, அதில் பிறக்கும் பையான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் சிதைந்து வரும் மியூவான்கள் எல்லாத் திசையிலும் பறக்கும். அந்தக் கும்பலை ஒரு மெல்லிய கற்றையாகத் திரட்ட வேண்டும், அதுவும் அவை சாவதற்குள். பொருளின் வழியே செலுத்தி எல்லாத் திசை வேகத்தையும் குறைத்து, முன்னோக்கிய வேகத்தை மட்டும் திரும்பக் கொடுக்கும் உத்தி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தில் நடந்த மைஸ் சோதனை 2020-இல் காட்டியது. தனித்தனி மியூவான்களை வைத்து, ஒரு சிறு படி மட்டும். முழு எந்திரத்துக்கு அந்தப் படியை அடுக்கடுக்காகப் பலமுறை ஏற வேண்டும்.

மியூவான் எந்திரத்துக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆபத்தும் உண்டு. சிதையும் மியூவான்கள் நியூட்ரினோக்களைக் கொட்டும். அவை வட்டத்தின் தளத்திலேயே நேராகப் போய், பூமி வளைந்திருப்பதால் பல கிலோமீட்டர் தள்ளி எங்கோ தரைக்கு மேலே வரும். நியூட்ரினோ எதையும் தொடாது என்று படித்திருப்போம். அவ்வளவு ஆற்றலில், அவ்வளவு எண்ணிக்கையில் வந்தால், வெளிவரும் இடத்து மண்ணில் கணிசமான கதிர்வீச்சை உண்டாக்கும். அதனால் காந்தங்களை மெல்ல அசைத்துக் கற்றை வெளியேறும் இடத்தைப் பரப்பிவிடும் யோசனைகள் எல்லாம் இருக்கின்றன. அமெரிக்க இயற்பியலாளர்களின் 2023 டிசம்பர் திட்ட அறிக்கை மியூவான் ஆய்வுக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தது. 2025-இல் அந்நாட்டின் தேசிய அகாடமிகளின் குழுவும் அதையே நீண்டகால இலக்காகச் சொன்னது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் 2040-களில் அது தயாராக இருக்கும் என்பவர்களை நம்ப மாட்டேன். மின்னேற்ற வாயுவில் எழும் அலைமேல் துகளை ஏற்றி முடுக்கும் பிளாஸ்மா அலை முடுக்கி பற்றியும் கேட்பார்கள். சில மீட்டரில் பல ஜிஇவி தருவது அழகுதான், ஆனால் பாசிட்ரானை அதில் ஒழுங்காக முடுக்கத் தெரியாத வரை அதை மோதுவியாகக் கருத முடியாது.

பணத்துக்கு வருவோம். பெரிய மோதுவி செத்த கதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில் 87 கி.மீ. சுற்றளவில் 40 டிஇவி எந்திரம் கட்டத் தொடங்கினார்கள். 440 கோடி டாலர் என்று ஆரம்பித்த மதிப்பீடு 1,100 கோடியைத் தாண்டியது. 1993 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியபோது சுமார் 200 கோடி டாலரும் இருபது கி.மீ.க்கு மேல் தோண்டிய சுரங்கமும் மண்ணோடு போயின. செலவு எகிறியது ஒரு காரணம். மற்ற நாடுகளைப் பங்காளியாகச் சேர்க்காமல் ஒரே நாடாளுமன்றத்தின் ஆண்டு வாக்கெடுப்பை நம்பியிருந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். செர்ன் ஒப்பந்தத்தால் கட்டுண்ட பல நாடுகளின் அமைப்பு. ஆண்டுதோறும் வரும் பணம் அவ்வளவு எளிதில் நிற்காது. எஃப்.சி.சி.யின் செலவில் பெரும்பகுதி அந்த வழக்கமான வரவுசெலவிலிருந்தே வரும் என்பது திட்டம்.

அதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. செர்னுக்கு மிக அதிகம் பணம் தரும் ஜெர்மனியின் அதிகாரிகள் 2024-இல் இந்தச் செலவு தாங்காது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஓத்-சவோயாவில் நிலம், தண்ணீர், தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை அறிவியல் எதிர்ப்பு என்று ஒதுக்குவது அயோக்கியத்தனம். இயற்பியலாளர்களுக்குள்ளேயே, இவ்வளவு பணத்தைச் சிறு சோதனைகள் பலவற்றுக்குப் பிரித்தால் என்ன என்ற குரலும் உண்டு. இருக்கும் 27 கி.மீ. சுரங்கத்திலேயே, எல்.எச்.சி. ஓய்ந்தபின், 230 ஜிஇவியில் மீண்டும் ஒரு எலக்ட்ரான் மோதுவி வைக்கலாம் என்ற சிக்கனமான யோசனைகூட மேசையில் இருந்தது. லெப் தவறவிட்ட அந்த ஏழு ஜிஇவியை அதே இடத்தில் போய் எடுப்பது! கதையாக நன்றாக இருக்கிறது. மோதல் எண்ணிக்கை பெரிய வட்டத்தைவிட மிகக் குறைவு, பின்னால் புரோட்டானுக்கு வழியும் இல்லை.

2025 டிசம்பரில் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் வியூகக் குழு எஃப்.சி.சி.யின் எலக்ட்ரான் கட்டத்தையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. அது கைகூடாவிட்டால் சில பகுதிகளைக் குறைத்த அதே வட்டம். அதே மாதம் தனியார் கொடையாளர்கள் சிலர் சுமார் 86 கோடி யூரோ தருவதாக அறிவித்தார்கள். செர்ன் வரலாற்றில் இப்படி நடந்தது இதுவே முதல் முறை. உறுப்பு நாடுகளின் இறுதி முடிவு 2028 வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. ஆம் என்றால் முதல் மோதல் 2040-களின் பிற்பகுதியில். நீளமாகத் தோன்றும். எல்.எச்.சி. பற்றிய முதல் கருத்தரங்கு லொசானில் நடந்தது 1984-இல், அனுமதி 1994-இல், ஹிக்ஸ் 2012-இல். இந்தத் துறையின் நடை இதுதான்.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: எல்.எச்.சி.யின் 35 டன் காந்தங்களைத் தாங்கி நுணுக்கமாக நகர்த்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாக்கிகள் இங்கே செய்து போனவை. இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் அந்த வேலையை முன்னின்று நடத்தியது. 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பினர், இந்திய நிறுவனங்கள் அங்கே ஒப்பந்தம் கேட்கலாம். காந்தச் சுருள், குளிரூட்டும் அமைப்பு, மீக்கடத்தி முடுக்குக் குழிகள் ஆகிய மூன்றில் இப்போதே கை வைத்தால், அனுமதி வரும் நாளில் நம் ஆட்களுக்கு அனுபவம் இருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: எலக்ட்ரான் வட்டம் முதலில், காந்தத்துக்கும் மியூவானுக்கும் ஆய்வுப் பணம் இப்போதே, புரோட்டானா மியூவானா என்ற முடிவு பிறகு. ஒரு நிபந்தனையோடு. பணம் கேட்கப் போகும்போது "கரும்பொருளைக் கண்டுபிடிப்போம்" என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. சூப்பர்சிமெட்ரி விஷயத்தில் அப்படிப் பேசியதால்தான் இன்று ஹிக்ஸ் என்ற மாபெரும் வெற்றிக்குப் பிறகும் "ஒன்றும் கிடைக்கவில்லையே" என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஹிக்ஸின் பிணைப்பை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அளப்போம், இசட்டை லட்சம் மடங்கு அதிகமாகப் பார்ப்போம் என்று சொன்னால் அதை நிச்சயம் செய்து காட்ட முடியும். அந்த அளவீடுகளுக்கு 1,500 கோடி பிராங்க் தகுமா என்பதை உறுப்பு நாடுகள் அந்த வாக்குறுதியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.